ராஞ்சோஸ் மண்கோயிலும் அதன் படங்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்குப் பகுதியில் நியூ மெக்சிக்கோ என்றொரு மாநிலம் உண்டு. அதன் தலைநகரான சாந்தா ஃபேயிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 70 மைல் சென்றால் தாவோஸ் என்னும் சிற்றூரை அடையலாம். அவ்வூருக்கு நான்கு மைல் தெற்கே, கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், ராஞ்சோஸ் டி தாவோஸ் என்ற குடியிருப்பு இருக்கின்றது. அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் பெயரால் அமைந்த கத்தோலிக்க தேவாலயம் ஒன்று அங்கே நிற்கின்றது. வெயிலில் உலர்த்திய பச்சைமண் கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பி, அதன்மேல் சேறு பூசி முடித்த கோயில் அது.

அளவில் அது பெரிதன்று. நீளம் 120 அடி அளவே. ஐரோப்பியப் பேராலயம் ஒன்றின் உள்ளே கொண்டுபோய் வைத்தால் ஒரு மூலையில் அடங்கிவிடும். ஆயினும் அமெரிக்காவில் ஓவியரும் ஒளிப்படக் கலைஞரும் மிகுதியாக நாடிச்சென்ற தேவாலயங்களைக் கணக்கிடுவோர் இதனை முன்வரிசையில் வைப்பர். 1987ஆம் ஆண்டில் இந்த ஒரு கோயிலின் ஓவியங்களையும் ஒளிப்படங்களையும் மட்டுமே திரட்டித் தனி நூலொன்று வெளியிட்டார்கள் என்றால் அதன் புகழ் விளங்கும்.

அப்படங்களில் ஒரு புதுமை காணப்படுகின்றது. கோயிலைப் படம் பிடிப்பவர் முகப்பைப் பிடிப்பதுதான் உலக வழக்கம். இக்கோயிலுக்கும் நல்ல முகப்பு உண்டு. இரண்டு மணிக்கூண்டுகள் உண்டு; வாயிலும் முன்றிலும் சுற்றுமதிலும் உண்டு. புகழ்பெற்ற படங்களோ பெரும்பாலும் அதன் முதுகையே காட்டுகின்றன. பீடத்துக்குப் பின்னால் உள்ள சுவர், அச்சுவரைத் தாங்கும் பருத்த உதைசுவர்கள், மேலே வானம். கதவு இல்லை, சன்னல் இல்லை, சிலை இல்லை. படத்தின் கீழே பெயர் எழுதப்படாவிட்டால் இது கோயில் என்று அறிவதற்கே சற்று நேரம் பிடிக்கும். கலைஞர்கள் முகப்பை விட்டு முதுகுக்குப் போனது ஏன்? அவர்கள் அங்கே கண்ட அழகு யாருடைய கைவேலை? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தேடினால், 1967ஆம் ஆண்டில் அக்கோயிலுக்கு நேர்ந்த இடர் ஏன் நேர்ந்தது என்பதும் விளங்கிவிடும்.

முதலில் கோயிலின் வரலாறு. நியூ மெக்சிக்கோ அந்நாளில் ஸ்பானிய அரசுக்கு உட்பட்டிருந்தது. தாவோஸ் பள்ளத்தாக்கில் குடியேறிய ஸ்பானியக் குடியானவர்கள், கோமாஞ்சி இனத்தாரின் தாக்குதலுக்கு அஞ்சி, நடுவே திறந்த முற்றம் விட்டு வீடுகளைச் சுற்றிலும் நெருக்கமாகக் கட்டிக்கொண்டு வாழ்ந்தனர். அத்தகைய முற்றம் ஒன்றில் எழுந்ததே ராஞ்சோஸ் கோயில். அதன் காலத்தைச் சிலர் 1772 என்று எழுதியதுண்டு. ஆனால் கோயில் கட்ட உரிமம் வேண்டியது 1813ஆம் ஆண்டில் என்பதையும், 1815 அளவில் வேலை முடிந்தது என்பதையும் கொண்டு, பிந்திய காலத்தையே ஆய்வாளர் பெரிதும் ஏற்பர். பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள் சமயப்பணி ஆற்றிய காலம் அது. 1821இல் அந்நாடு மெக்சிக்கோவுக்கும், 1848இல் அமெரிக்காவுக்கும் கைமாறிற்று. 1912இல் தனி மாநிலமாயிற்று. கொடிகள் மாறின, ராஞ்சோஸ் மக்கள் ஸ்பானிய மொழி பேசி, பிரான்சிஸ் கோயிலிலேயே வழிபட்டு வந்தனர்.

கட்டட முறை எளிது. தரைப்படம் சிலுவை வடிவம். மண்ணையும் மணலையும் வைக்கோலையும் நீர் விட்டுக் குழைத்து, அச்சில் இட்டு, வெயிலில் உலர்த்திய கற்கள் சுவராயின. கூரைக்கு மலைமரங்களின் நீண்ட உத்தரங்கள். அவற்றைத் தாங்கச் செதுக்கிய மரத் தாங்கிகள். உள்ளே மொல்லேனோ என்ற நாட்டுப்புற ஓவியர் தீட்டிய பீடத்திரை இருக்கின்றது. வெளியே சேறு. சுண்ணாம்பில்லாத இந்த மண்பூச்சு மழையிலும் பனியிலும் கரைவது இயல்பு. அதனால் ஆண்டுதோறும், அல்லது சில ஆண்டுக்கு ஒருமுறை, ஊரார் கூடி மீண்டும் பூசவேண்டும். அப்பகுதி வழக்கில் மண்பூச்சு பெண்களின் தொழில். ஸ்பானிய மொழியில் அவர்களுக்கு என்ஹர்ரதோரா என்று தனிப்பெயரே உண்டு. ஆண்கள் மண் வெட்டிக் குழைத்துச் சுமந்து கொடுப்பர். பெண்கள் கையால் அப்பித் தடவுவர். வழவழப்பு வேண்டிய இடத்தில் ஈர ஆட்டுத்தோலால் நீவுவர்.

இவ்வாறு பல தலைமுறை பூசப்பட்ட சுவரில் ஒரு நேர்கோடும் மிஞ்சுவதில்லை. மூலைகள் மழுங்கும். மழைநீர் வழிந்த இடம் குழியும். அடுத்த ஆண்டு அக்குழியை நிரப்பும் கை சற்றே கூடுதலாக அப்பிவிடும். சுவர் சாயுமோ என்ற அச்சம் வந்தபோதெல்லாம் உதைசுவர் கொடுத்துத் தாங்கியதும் உண்டு. பீடத்தின் பின்னே தேன்கூடு போல் உருண்டு பருத்து நிற்கும் உதைசுவரின் வடிவத்தை எந்தச் சிற்பியும் வரைந்து கொடுக்கவில்லை. சுவர் விழாதிருக்க வேண்டும் என்ற கவலையும், ஆண்டுக்கு ஆண்டு பூசிய சேறும் சேர்ந்து கொடுத்த வடிவம் அது.

மண்கோயில்களை எல்லாரும் மதித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. 1851இல் சாந்தா ஃபேக்கு வந்து, பின்னர் பேராயராக விளங்கிய லமி என்பவர் பிரெஞ்சு நாட்டினர். தம் நாட்டுக் கற்கோயில்களைக் கண்டு பழகிய அவர் கண்ணுக்கு மண்கோயில்கள் ஏழ்மையின் அடையாளமாகத் தோன்றின. 1869இல் சாந்தா ஃபேயில் பழைய மண்கோயில் இருந்த இடத்தில் கற்பேராலயம் ஒன்றை எழுப்பத் தொடங்கினார். இருப்புப்பாதை வந்தபின் தகரமும் மலிந்தது. பல சிற்றூர்க் கோயில்களின் தட்டைக் கூரைமேல் சரிவான தகரக் கூரை ஏறிற்று. நல்லெண்ணத்தால் செய்தவையே இவை. ஒழுகும் கூரையின் கீழ் மண்டியிட்டு வழிபட்டவர்களிடம் போய்க் கலையழகு பேசுவது எளிதன்று. இம்மாற்றங்களுக்கிடையே ராஞ்சோஸ் கோயில் தன் மண்வடிவோடு இருபதாம் நூற்றாண்டைக் கண்டது.

அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தாவோசில் ஓவியர் குழு ஒன்று குடியேறியிருந்தது. ஆயினும் ராஞ்சோஸ் கோயிலின் முதுகுக்குப் புகழ் தேடித் தந்த ஆண்டு 1929 எனலாம். அவ்வாண்டில் ஓவியர் ஜார்ஜியா ஓக்கீஃப் அம்மையார் முதன்முறையாகத் தாவோசில் வந்து தங்கினார். 1929, 1930ஆம் ஆண்டுகளில் அவர் இக்கோயிலின் பின்புறத்தைப் பலமுறை தீட்டினார். அவற்றுள் ஒன்று வாஷிங்டன் நகரத்துப் பிலிப்ஸ் கலைக்கூடத்திலும், மற்றொன்று நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் உள்ளன. அதே காலத்தில், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த 27 வயது இளைஞர் ஒருவர் காமிராவோடு அச்சுவரின்முன் நின்றார். அவர்தாம் அன்சல் ஆடம்ஸ். பிற்காலத்தில் அமெரிக்க மலைக்காட்சிப் படங்களால் உலகப்புகழ் பெற்ற அவர், அந்நாளில் பியானோ வாசிப்பைத் தொழிலாகக் கொள்வதா, ஒளிப்படத்தைக் கொள்வதா என்று முடிவு காணாதிருந்தார்.

ஒளிப்படக் கலைஞனுக்கு அச்சுவரில் கிடைத்த செல்வம் யாது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் இல்லை. ஒளியின் ஏற்றத்தாழ்வே உண்டு. மண்சுவரின் நிறம் செம்மையும் பொன்மையும் கலந்தது. மலைநாட்டு வானமோ மாசற்ற நீலம். எல்லா நிறத்துக்கும் உணர்வுள்ள பான்குரோமாட்டிக் தகடுகள் அக்காலத்தில் வழக்குக்கு வந்துவிட்டன. அத்தகைய தகட்டை இட்டு, வில்லையின்முன் மஞ்சள் அல்லது சிவப்புக் கண்ணாடி ஒன்றை வைத்தால், அக்கண்ணாடி நீல ஒளியைத் தடுத்துச் செம்மஞ்சள் ஒளியை உள்ளே விடும். வானம் இருண்டு போகும்; மண்சுவர் ஒளிர்ந்து முன்னே வரும். நண்பகலில் பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் மண்ணாகத் தெரிந்த சுவர், படத்தில் இருண்ட வானத்தின்முன் உள்ளிருந்து ஒளி வீசுவதுபோல் தோன்றுவதற்கு இம்முறை துணைசெய்யும்.

மற்றொன்று பக்கவாட்டு ஒளி. வெயில் நேரே விழுந்தால் எச்சுவரும் தட்டையாகத்தான் தெரியும். காலையிலோ மாலையிலோ கதிர் சரிந்து சுவரை உராய்ந்துகொண்டு செல்லும்போது, ஒவ்வொரு மேடும் தன்னருகே சிறு நிழலைப் பரப்பும். கை தடவிய வளைவு தெரியும். சேற்றில் கலந்த வைக்கோல் துணுக்கு மின்னும். மழை அரித்த கோடு தெரியும். உதைசுவரின் உருட்சி வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு ஓர் எல்லைக்கோடின்றி மெல்ல இறங்கும். கல்லில் உளி கொண்டு செதுக்கியவனும் இத்தகைய மென்மையை அரிதாகவே பெறுவான். முகப்பில் மணிக்கூண்டும் வாயிலும் சிலுவையும் கண்ணைப் பங்கு போட்டுக்கொள்ளும். முதுகில் ஒளிக்கு மண்ணைத் தவிர வேறு வேலை இல்லை. கலைஞர் முதுகைத் தேர்ந்தமைக்கு இதுவே தலையாய காரணம் என்று கொள்ளலாம்.

ஆடம்ஸ் எடுத்த கோயிற்படம் 1930இல் வெளிவந்த 'தாவோஸ் புவெப்லோ' என்னும் நூலில் இடம்பெற்றது. மேரி ஆஸ்டின் அம்மையார் உரை எழுதிய அந்நூலில் பன்னிரண்டு ஒளிப்படங்கள். அவை அச்சடித்த படங்களல்ல, ஒளியுணர் தாளில் ஒவ்வொன்றாகப் படியெடுத்தவை. நூல் 108 படிகளே வெளியாயிற்று. விலை 75 டாலர். பொருளாதார வீழ்ச்சி தொடங்கிவிட்ட நாளில் அது சிறு தொகையன்று. ராஞ்சோஸ் கோயில் இவ்வாறாகச் செல்வர்தம் நூலகங்களில் புகுந்தது.

அதே 1930இல் தாவோசில் ஆடம்ஸ் மற்றோர் ஒளிப்படக் கலைஞரைச் சந்தித்தார். நியூயார்க்கில் பிறந்த பால் ஸ்ட்ராண்ட் அவரினும் பன்னிரண்டு வயது மூத்தவர். படியெடுத்த படங்கள் கைவசம் இல்லாமையால் ஸ்ட்ராண்ட் தம் நெகட்டிவுகளையே சன்னல் ஒளியில் பிடித்துக் காட்டினார். அவற்றின் தெளிவையும் உறுதியையும் கண்ட பிறகே தாம் ஒளிப்படத்தை வாழ்வாக ஏற்கத் துணிந்ததாக ஆடம்ஸ் பின்னாளில் குறிப்பிட்டிருக்கின்றார். ஸ்ட்ராண்ட் 1930 முதல் 1932 வரை கோடைதோறும் நியூ மெக்சிக்கோவுக்கு வந்தவர். 1931ஆம் ஆண்டைச் சேர்ந்த அவருடைய ராஞ்சோஸ் படத்தில் கோயில் தரையிலிருந்து முளைத்த பாறை போல் கனத்து நிற்கின்றது. ஆடம்ஸ் மண்ணில் ஒளியைத் தேடினார் என்றால், ஸ்ட்ராண்ட் அதன் எடையைத் தேடினார் எனலாம். இருவர் படங்களையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எவருக்கேனும் கிடைத்தால் அரைமணி நேரம் செலவிடலாம், வீண்போகாது.

பின்னர் லாரா கில்ப்பின் அம்மையார் முதலாகப் பலர் வந்தனர். 1933இல் அமெரிக்க அரசு தொடங்கிய வரலாற்றுக் கட்டட அளவைப் பணியின்கீழ் இக்கோயிலும் பதிவு செய்யப்பட்டது. அரசின் பதிவில் முகப்பு, பக்கம், உட்புறம் யாவும் இடம்பெற்றன. கலைஞர்தம் படங்களினும் அழகில் குறைந்த அப்பதிவு, பயனில் குறைந்ததன்று. பின்னாளில் கோயிலைப் பழுதுபார்ப்பவனுக்கு எந்தச் சுவர் எங்கே எவ்வளவு நின்றது என்று சொல்லவல்லவை இத்தகைய பதிவுகளே.

புகழ்பெற்ற படங்களில் ஒரு குறையைச் சுட்டாமல் விடுவதற்கில்லை. பெரும்பாலானவற்றில் ஆள் இல்லை. சேற்றுக் குழியும், ஏணியும், வைக்கோல் குவியலும் காணப்படுவதில்லை. படத்தைப் பார்ப்பவர் அவ்வடிவை இயற்கை தந்தது என்றோ, காலம் தந்தது என்றோ எண்ணிக்கொள்வர். பாறையோடு ஒப்பிடும் பழக்கமே (மேலே இக்கட்டுரையிலும் அவ்வுவமை வந்துவிட்டது) மயக்கம் தருவது. பாறையை யாரும் ஆண்டுதோறும் பூசுவதில்லை. ஆடம்சின் படத்தில் ஒளி தங்கிய ஒவ்வொரு மேடும், பெயர் தெரியாத ஒரு பெண்ணின் உள்ளங்கை நின்று நகர்ந்த இடம். அப்பெண்களின் பெயர்கள் படத்தின் கீழே பதியப்படவில்லை.

இனி 1967. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஊரின் வாழ்க்கை மாறியிருந்தது. இளைஞர் பலர் வேலை தேடி வெளியூர் சென்றனர். வயலும் ஆடும் வைத்து வாழ்ந்த காலத்தில் பூச்சுக்கென்று நாள்களை ஒதுக்குவது இயன்றது; கூலிவேலைக்குச் செல்பவனுக்கு அது அத்துணை எளிதன்று. சிமெண்டு பூசிவிட்டால் ஆண்டுதோறும் படும் தொல்லை ஒழியும் என்று பங்கு மக்கள் எண்ணினர். 1967இல் கோயில் முழுவதும் கடினமான சிமெண்டுப் பூச்சு ஏறிற்று. அம்முடிவைப் பழிப்பதற்கில்லை. அந்நாளில் சிமெண்டு முன்னேற்றத்தின் பெயர். மண்சுவரோடு அது எப்படிப் பழகும் என்பதை அறிந்தவர் சிலரே. 1970இல் அமெரிக்க அரசு இக்கோயிலைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தபோது, அது சிமெண்டுச் சட்டை அணிந்துதான் நின்றது என்பது எண்ணத்தக்கது.

மண்ணும் சிமெண்டும் ஏன் ஒட்டி வாழ்வதில்லை? மண்சுவர் மெத்தென்றது, வெப்பத்துக்கும் குளிருக்கும் ஏற்பச் சிறிது விரியும், சுருங்கும். சிமெண்டு விறைப்பானது, அதன் விரிவும் சுருக்கமும் வேறு அளவின. தாவோஸ் போன்ற உயர்நிலத்தில் பகலில் சுடும், இரவில் உறையும். ஆகவே சிமெண்டில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். வெடிப்பின் வழியே மழைநீரும் பனிநீரும் உள்ளே இறங்கும். அடித்தளத்திலிருந்தும் ஈரம் ஏறும். மண்பூச்சாக இருந்தால் அந்த ஈரம் வெயிலில் ஆவியாகி வெளியேறிவிடும். சுவர் மூச்சு விடுகின்றது என்று கொத்தர் சொல்வது இதனைத்தான். சிமெண்டோ அந்த ஈரத்தை எளிதில் வெளியே விடாது. உள்ளே நீர் தங்கத் தங்க, உலர்ந்த நிலையில் கல்போல் நின்ற மண் மீண்டும் சேறாகும். வெளியே பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. மண்பூச்சுக்கு நோய் வந்தால் அன்றே முகத்தில் தெரியும். சிமெண்டுக்கு உள்ளே வரும் நோய் முற்றிய பிறகே தெரியும். ஒளிப்படமும் இங்கே கைகொடுக்காது. மேற்பரப்பு நன்றாக இருக்கும்வரை படமும் நன்றாகவே இருக்கும்.

பத்தாண்டு கழிந்தது. வெடிப்புகள் பெருகின. ஆராய்ந்தபோது சுவர்களின் உட்பகுதி ஈரத்தால் நைந்திருப்பது தெரியவந்தது. 1979இல் சிமெண்டை உடைத்தெடுக்கத் தொடங்கினர். அதன் அடியில் பல இடங்களில் மண்கல் கற்குரிய உருவை இழந்து குழைந்து கிடந்தது. நூற்று ஐம்பது ஆண்டு மழையும் பனியும் செய்யாத கேட்டைப் பன்னிரண்டு ஆண்டுச் சிமெண்டு செய்திருந்தது.

எதைப் பூசுவது என்ற ஆராய்ச்சி நடந்தது. மீண்டும் மண்ணே பூசுவது என்று பங்கு மக்கள் முடிவு செய்தனர். அம்முடிவின் பொருள் என்ன என்பதை அவர்கள் நன்றாக அறிந்தே செய்தனர். ஒரு முறை உழைத்து ஓய்ந்துவிடும் வேலையன்று அது. தாமும் தம் மக்களும் ஆண்டுதோறும் செய்தாக வேண்டிய கடமை. புதிய மண்கற்கள் அறுக்கப்பட்டன. நைந்த பகுதிகள் எடுக்கப்பட்டுப் புதுக்கற்கள் வைத்து அடைக்கப்பட்டன. முதியவர்கள் மண்ணும் மணலும் வைக்கோலும் சேரும் பக்குவத்தை இளையோருக்குக் காட்டிக் கொடுத்தனர். இடையில் பன்னிரண்டு ஆண்டுதான் என்பது அவர்களின் நற்பேறு. இன்னும் ஒரு தலைமுறை கடந்திருந்தால் பக்குவம் அறிந்த கைகள் எஞ்சியிருக்குமோ என்பது ஐயம். கைத்தொழில் எதுவும் ஏட்டில் எழுதி வைத்து மட்டும் கற்பிக்கப்படுவதன்று என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர்.

ராஞ்சோசில் கற்ற பாடம் பிற ஊர்களுக்கும் பரவிற்று. நியூ மெக்சிக்கோவின் பழைய மண்கோயில்களைக் காக்கவென்று 1986இல் எழுந்த இயக்கமும், ஊர்மக்களையே உழைப்பில் ஈடுபடுத்தும் இம்முறையைத்தான் மேற்கொண்டது. ராஞ்சோஸ் கோயிலின் கட்டட வரலாற்றை வான் டோர்ன் ஹூக்கர் என்னும் கட்டடக் கலைஞரும், உள்ளூர் வரலாற்றறிஞர் கோரீனா சாந்திஸ்தேவன் அம்மையாரும் சேர்ந்து 1996இல் நூலாக எழுதினர். அந்நூலுக்கு அவர்கள் இட்ட தலைப்பு 'நூற்றாண்டுகளின் கைகள்' என்று பொருள்படும். ஓவியரும் ஒளிப்படக் கலைஞரும் விட்டுப்போன பெயர்ப்பதிவை அத்தலைப்பு ஓரளவு ஈடுசெய்தது.

இன்று அக்கோயிலுக்குச் செல்லும் பயணிகள் பெரும்பாலும் முதலில் காண்பது அதன் முதுகைத்தான். நெடுஞ்சாலை அப்பக்கமாகவே செல்கின்றது. ஓக்கீஃப்பும் ஆடம்சும் ஸ்ட்ராண்டும் நின்ற இடம் ஏறக்குறைய எது என்று அறிந்து, அங்கே நின்று படம் எடுத்துக்கொள்வோர் பலர். எடுத்த படத்தை 1929ஆம் ஆண்டுப் படத்தோடு ஒப்பிட்டால் உதைசுவரின் வளைவு முழுதும் ஒத்திருக்காது. ஓரிடத்தில் சற்றுப் பருத்திருக்கும். ஓரிடத்தில் மேடு மாறியிருக்கும். சூன் மாத அளவில் சென்றவர்களுக்கு வேறொரு காட்சியும் கிடைப்பதுண்டு. சுவரோரம் சாரம் கட்டியிருக்கும்; தள்ளுவண்டியில் சேறு வரும்; முழங்கை வரை மண் படிந்த பெண்களும் ஆண்களும் பிள்ளைகளும் சுவரைத் தடவிக்கொண்டிருப்பர். நல்ல படம் எடுக்க வந்தவர்களுள் சிலர் சாரம் மறைக்கின்றதே என்று வருந்தித் திரும்புவர். சிலர் அதையும் சேர்த்துப் படம் பிடிப்பர்.